கம்பெனி சொன்ன வேகம்

ஐந்தரை கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் தாராளமா ஏத்தலாம் சார் என்று நிஜாம் பாய் கருணாவைப் பார்த்துச் சொல்கிறார். கேட்டது நான். பதில் அவனுக்குப் போகிறது. ரிச்சி தெருவில் முதல் மாடிக் கம்ப்யூட்டர் சாமான் கடை, மேலே சுற்றும் மின்விசிறி வெக்கையைத்தான் கீழே தள்ளுகிறது, கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒன்றில் நான், ஒன்றில் என் கணவன், காலடியில் நான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பழைய சிபியு. நிஜாம் பாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால் புருஷனிடம் பேசுவது என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் கழுத்து ஒரே பக்கம் திரும்பிப் பழகிவிட்டது. அது கொசுக்கடி மாதிரி, சொறிந்துவிட்டால் போய்விடும். எனக்கு இருப்பது வேறு கோபம். வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது, இன்று சனிக்கிழமை, இரண்டு நாளாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிற அளவுக்குக் கையில் இறங்குகிறது. கருணா முன்னால் சாய்ந்து இரண்டு முழங்கையையும் கண்ணாடி மேல் ஊன்றி, அப்ப கூலர் எது பாய் போடலாம், காத்தா தண்ணியா, என்று கேட்கிறான். அவன் முகத்தில் சந்தோஷம் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போதும், இந்த வாரத்திலும், எல்லாம் தெரிந்த பிறகும், ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தால் இவனுக்குச் சந்தோஷம் வருகிறது.

எனக்கு வேண்டியது வேகம், அதில் சந்தேகமில்லை. இன்னும் இருபத்தாறு நாளில் மறுவிசாரணை. புத்தேரி நகருக்குப் பின்னால் ஓடும் கால்வாயை மூடி அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், கட்டினால் மழைத்தண்ணீர் எங்கே போகும், எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று அங்கே இருக்கும் ஜனத்துக்காகக் கணக்குப்போட்டுச் சொல்கிற வேலை என்னுடையது. வெள்ளக் கணக்கு. பூங்கோதை, நீரியல் பொறியாளர், சொந்தமாக வேலை செய்பவள், அலுவலகம் வீட்டின் இரண்டாவது படுக்கையறை. மழை, நிலம், வாய்க்கால், வீடு எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரை ஓட்டிப் பார்க்கும். பழைய மெஷினில் ஒரு ஓட்டம் அறுபது மணி நேரம். எட்டு ஓட்டமாவது வேண்டும். அறுபது எட்டு நானூற்று எண்பது, இருபது நாள், நடுவில் ஒரு தடவை கரண்ட் போனால் முடிந்தது கதை. அதனால் வேகம் வேண்டும், அதனால் இந்தக் கடை, அதனால் இவன் பக்கத்தில். நான் தனியாக வந்திருக்க வேண்டும். ஏன் கூட்டிக்கொண்டு வந்தேன்? அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, பதினான்கு வருஷக் கல்யாணப் பழக்கம், வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கீழே போய்விட்டது. அவன் சட்டைப்பையில் ஒரு பட்டியல், நேற்றே எழுதிவைத்தது, பிராசசர், மதர்போர்டு, ரேம், கூலர், பவர் சப்ளை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவன் கையெழுத்தில் ஓ.சி., ஓ.சி., ஓ.சி. ஓவர்க்ளாக், கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஏற்றுவது. அந்த வார்த்தையை இந்த வாரம் எழுத இவனுக்குக் கை வந்திருக்கிறது.

மார்ச் ஒன்பதாம் தேதி கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம். அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே மண்டபத்தின் வாசனை வந்துவிடுகிறது, முந்தின நாள் முகூர்த்தத்தின் வாடின மாலை, சாம்பார், பினாயில். மேடையில் அதிகாரிகள், இந்தப் பக்கம் கட்டுகிறவர்களின் ஆட்கள், அந்தப் பக்கம் எங்கள் ஜனம், நூற்றைம்பது பேர் இருக்கும், பெண்கள்தான் அதிகம். நான் வரைபடத்தைத் திரையில் போட்டேன், நீலம் எங்கெல்லாம் பரவுகிறது என்று காட்டினேன், நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கத்துப் பொறியாளர் எழுந்தார், மெலிந்த ஆள், மிகவும் மரியாதையான குரல், மேடம் ஒரு சின்னச் சந்தேகம், உங்க மேப்புல மாரியம்மன் கோயில் தெரு தண்ணிக்கு மேல தீவு மாதிரி நிக்குதே, தரைமட்டம் பன்னெண்டு மீட்டர்னு போட்டிருக்கீங்க, அந்தத் தெரு மலை மேலயா இருக்கு? சிரித்தார்கள். முதலில் அவர்கள் ஆட்கள், பிறகு அதிகாரிகளில் ஒருவர் வாயை மூடிக்கொண்டு, பிறகு, இதுதான், பிறகு எங்கள் பக்கத்திலேயே பின்வரிசையில் யாரோ. நான் எண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டு. அந்தத் தெரு மூன்று மீட்டர்தான், எனக்குத் தெரியும், நானே அளந்தேன், அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றது கஸ்தூரி அக்கா, அந்தத் தெருவில் வீட்டில் வைத்து ஜாக்கெட் தைப்பவர், டிசம்பர் வெள்ளத்தில் படுக்கையில் கிடந்த மாமனாரைக் கதவுப் பலகையில் படுக்கவைத்து மெயின் ரோடு வரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போன வீடு. அந்த அக்கா எழுந்து கத்தினார், நான் கழுத்தளவு தண்ணியில நின்னேன்யா, மலை மேலயா நின்னேன், என்று. அதற்கும் சிரித்தார்கள். திட்டத்துக்கு அனுமதி கொடுத்த உத்தரவில் ஒரு வரி இருந்தது, எதிர்ப்பாளர்கள் தாக்கல் செய்த ஆய்வு நம்பத்தகுந்ததாக இல்லை. அந்த வரியை நான் மனப்பாடம் பண்ணவில்லை, அது தானாகவே பாடமாகிவிட்டது. அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ததில்தான் இந்த மறுவிசாரணை.

அதற்கப்புறம் மூன்று மாதம். மூன்று மாதம் என் தப்பைத் தேடினேன். எங்கே விட்டேன், எந்த வரியில், எந்தச் சமன்பாட்டில், அளவெடுத்த நோட்டில் ஒன்றை ஏழு என்று படித்தேனா, தூக்கக் கலக்கத்தில் ஏதாவது தட்டினேனா. நோட்டுப் புத்தகத்தில் மூன்று என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் பன்னிரண்டு என்று இருந்தது. நடுவில் இருப்பவள் நான் ஒருத்திதான், அப்படியென்றால் தப்பு நான்தான், இதில் என்ன சந்தேகம். கல்லூரியில் முதல் ஆளாக வந்தவள், இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறவள், மூன்றைப் பன்னிரண்டாக எழுதியிருக்கிறாள். வயசு முப்பத்தொன்பது, ஒருவேளை மூளையில் ஏதாவது, என்று ஒரு நாள் பயந்து டாக்டரிடம் போகலாமா என்றுகூட கருணாவிடம் கேட்டேன். கேட்டேன். அவன் என் கழுத்தை இதமாகப் பிடித்துவிட்டான், நீ ரொம்ப யோசிக்கற கோதை, எல்லாருக்கும் தப்பு வரும், விடு, என்றான். விடு. இந்த வியாழக்கிழமைதான் பார்த்தேன், தப்பான கட்டம் மொத்தம் ஏழு, ஏழுமே சரியாக நான்கு மடங்கு. 3.1 இருந்த இடத்தில் 12.4. 2.9 இருந்த இடத்தில் 11.6. மனுஷி தப்புச் செய்தால் இப்படிச் செய்யமாட்டாள், மனுஷி தப்பு கோணல்மாணலாக இருக்கும். கம்ப்யூட்டர் ஒரு எண்ணைப் பூஜ்யமும் ஒன்றுமாக எழுதிவைக்கிறது, அந்த வரிசையில் குறிப்பிட்ட ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாகப் புரண்டால் எண் நான்கு மடங்காகும். ரேம். நினைவகம். சோதனை ஓட்டினேன், கருப்புத் திரையில் சிவப்பு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன, நான் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், நான் இல்லை, நான் இல்லை என்று. மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டு, பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன். ரேமின் வேகம் கம்பெனி சொன்னதற்கு மேலே எங்கேயோ இருந்தது. நான் தொடவே இல்லை அதை.

கருணா அப்போது ஹாலில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னான், ஆமா, நான்தான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன், உனக்கு வேகமா இருக்கட்டுமேன்னு. எப்போ? பொங்கல் லீவுல. ஏன் சொல்லல? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு. சர்ப்ரைஸ். பொங்கலுக்கு எனக்குப் பரிசு. என் கட்டங்களை நான் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது பொங்கலுக்கு மறு வாரம். அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸாரி சொன்னான், இரண்டு தடவை சொன்னான், கண்கூடக் கலங்கியது, அன்றைக்கு இரவுச் சாப்பாடு அவனே செய்தான். மறுநாள் காலையில் பட்டியல். இந்தத் தடவ ஒழுங்கா பண்ணலாம் கோதை, நல்ல போர்டு, நல்ல கூலர், ஒரு நாள் முழுக்க டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் உன் வேலைய ஏத்து. எனக்கும் ஓவர்க்ளாக் தெரியும், நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. சிப் செய்கிற கம்பெனி இந்த வேகம் வரைக்கும் நான் பொறுப்பு என்று ஒரு எண் எழுதிக் கொடுக்கிறது. அதற்கு மேல் ஏற்றினாலும் ஓடும், பல சமயம் அழகாகவே ஓடும், ஆனால் பொறுப்பு ஏற்றினவனுடையது. கிண்டியில் படிக்கும்போது இவனும் நானும் சேர்ந்துதான் அதைச் செய்தோம், லேபில் ஒதுக்கிப்போட்ட மெஷின் ஒன்றை எடுத்து, கேண்டீனிலிருந்து ஐஸ் வாங்கி வந்து பாத்திரத்தில் வைத்து, மின்விசிறியை அதன் மேல் திருப்பி. மெஷின் செத்துவிட்டது. ஹெச்.ஓ.டி. கேட்டபோது நான்தான் சார் செஞ்சேன் என்று எழுந்து நின்றான், என் பெயரைச் சொல்லவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இவனைப் பிடித்தது. இவனைத்தான், இதே ஆளைத்தான். எழுந்து நிற்கத் தெரிந்தவன்.

பாய், ஈசிசி ரேம் இருக்கா, என்று கேட்கிறேன். நிஜாம் பாய் இப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்புகிறார். அது சர்வர்ல போடறது மேடம், வீட்டுக்கு யாரும் கேக்கமாட்டாங்க. இருக்கா? எதுத்த கடையில இருக்கும், எடுக்கலாம், ஆனா அதுக்கு போர்டும் தோதா இருக்கணும். கருணா என் முழங்கையை மெல்லத் தொடுகிறான், ஈசிசி ஸ்லோ கோதை, தன்னைத்தானே செக் பண்ணிக்கிட்டே இருக்கும், அத வெச்சு ஏத்தவும் முடியாது. எனக்குத் தெரியும். ஒரு பூஜ்யம் புரண்டால் அதுவே கண்டுபிடித்துத் திருத்தும், திருத்த முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லும். சொல்லும். அதுதான் எனக்கு வேண்டும், தப்பு நடந்தால் நடந்தது என்று சொல்லுகிற ஒரு சாமான் வீட்டில் இருக்கட்டும். ஆனால் மனசு உடனே கணக்குக்குத் தாவுகிறது. ஏற்றி ஓட்டினால் ஒரு ஓட்டம் பதினாறு மணி நேரம், ஏற்றாமல் ஓட்டினால் இருபத்துநாலு. எட்டு ஓட்டத்துக்குப் பதினாறு என்றால் ஆறு நாளுக்குள், இருபத்துநாலு என்றால் எட்டு நாள். ஆறு நாளில் முடிந்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை ஓட்டலாம், மூன்று தடவை ஓட்டலாம், ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஆசையாக இருக்கிறது. எனக்கே ஆசையாக இருக்கிறது, இதுதான் கேவலம், அந்தப் பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்க்கும்போது எனக்கும் இவனுக்கு வருவதேதான் வருகிறது. ஒரு நாள் சோதனையில் தேறிய மெஷின் இரண்டாவது நாள் புரண்டால்? அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருக்கிறது, அதை வியாழக்கிழமையிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கிறேன். ஏழு கட்டம் ரேமின் தப்பு, சரி. மீதி இருக்கும் லட்சக்கணக்கான கட்டங்களில் என் தப்பு ஒன்று இருந்தால்? ஏழையும் சரிசெய்து ஓட்டி, அப்போதும் தண்ணீர் கஸ்தூரி அக்கா வீட்டுக்கு வராமல் போனால்?

அதான் சார், என்று நிஜாம் பாய் ஒரு மதர்போர்டுப் பெட்டியை இறக்கிக்கொண்டே சொல்கிறார், எது வாங்கினாலும் வாங்குங்க, அந்தப் பழைய ரேம மட்டும் மறுபடி போட்டுடாதீங்க. பிப்ரவரில வந்தப்பவே சொன்னேன்ல. ஏத்தி வெச்சா அது எரர் அடிக்கும், கீழ இறக்கிடுங்கன்னு. கடையில் எதுவும் நிற்கவில்லை. விசிறி சுற்றுகிறது, கீழே தெருவில் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது, பக்கத்துக் கடையில் யாரோ ஒட்டுநாடாவை இழுக்கிறார்கள். பிப்ரவரி. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொங்கல் ஜனவரி. பிப்ரவரி ஜனவரிக்கு அப்புறம். மார்ச் பிப்ரவரிக்கு அப்புறம். இது ஒன்றும் கஷ்டமான கணக்கு இல்லை, ஆனால் திரும்பத் திரும்பப் போடுகிறேன், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், வேறு விடை வருமா என்று. பிப்ரவரியில் மெஷின் இரண்டு தடவை தானாக நின்றது. ஞாபகம் இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்குது, அதான், என்றான். புது யுபிஎஸ் ஒன்று வாங்கிவந்து மாட்டினான். வாங்கிய இடம் இந்தக் கடையாகத்தான் இருக்க வேண்டும். என்னிடம் கரண்ட் என்று சொல்லிவிட்டு, இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த மனிதரிடம் ரேம் என்று சொல்லியிருக்கிறான்.

நீ பிப்ரவரியில இங்க வந்தியா? கடைக்காரர்கள் முன்னால், இவன் வீட்டு ஆட்கள் முன்னால் எப்போதும் நீங்க என்றுதான் சொல்வேன். வாய் தானாக மாறிவிட்டது. இறக்கிட்டேன் கோதை, என்கிறான், பாய் சொன்ன அன்னிக்கே இறக்கிட்டேன். நான் வியாழக்கிழமை பார்த்தப்ப மேலதானே இருந்தது. கொஞ்சம் இறக்கினேன், அப்புறம் நிக்கவே இல்ல மெஷின், சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். உன் ஃபைல்ல இப்படி ஆகியிருக்கும்னு சத்தியமா அப்பத் தெரியாது. அப்ப எப்பத் தெரியும்? அவன் கண்ணாடி மேசைக்குள் அடுக்கியிருக்கும் கேபிள்களைப் பார்க்கிறான். கருணா, எப்பத் தெரியும்? நிஜாம் பாய் தொண்டையைச் செருமிக்கொள்கிறார், நான் போய் அந்த ஈசிசி இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன் மேடம், என்று என்னிடம், என்னிடம்தான், சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறார். மண்டபத்துல தோணுச்சு, என்கிறான் கருணா. எப்போ? அவங்க சிரிச்சப்ப.

அவங்க சிரிச்சப்ப. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான், நான் மேடையிலிருந்து இவனைத் தேடினேன், அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு முகம் வேண்டியிருந்தது, இவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்காக வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். என் தப்பைப் பார்க்கச் சகிக்காமல் குனிகிறான் என்று. அதற்காக அன்று ராத்திரி இவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நான். இவனிடம். உன்னையும் தலைகுனிய வெச்சுட்டேன் என்று கேட்டேன், பரவால்ல என்றான். பரவால்ல. மூன்று மாதம், தொண்ணூறு நாள், ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து காபி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் நோட்டில் விரல் வைத்து வரிவரியாகத் தேடுவதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் போயிருக்கிறான். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டபோது கழுத்தைப் பிடித்துவிட்டான். அந்த விரல்களுக்குத் தெரியும். என் கழுத்தில் அந்த இடம் இப்போது எரிகிறது. சொல்லணும்னுதான் இருந்தேன், என்கிறான், நாளாக ஆகக் கஷ்டமாயிடுச்சு கோதை, நீ அவ்வளவு ஒடஞ்சு போயிருந்த, இதயும் சொன்னா… நான் உடைந்திருந்ததால் சொல்லவில்லையாம், சொல்லாததால்தானே உடைந்தேன், இது எந்த ஊர் நியாயம், இந்த வாக்கியத்தை இவன் எத்தனை நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பான், இவனுக்கே இது சரியாக வந்ததா. மேசை மேல் கூலர் ஒன்று இருக்கிறது, செம்புக் குழாயும் அலுமினியத் தகடுமாக, ஒரு கிலோ இருக்கும். என் கை அதன் மேல்தான் இருக்கிறது. தகடுகள் உள்ளங்கையில் கோடு கோடாகப் பதிகின்றன. நான் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை. இன்றைக்கு ஏன் இல்லை என்று என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கஸ்தூரி அக்காவுக்கு போன் போடு, என்கிறேன். இங்கயா? இங்கதான், ஸ்பீக்கர்ல போடு. வீட்டுக்குப் போய்… இங்கதான் கருணா. போடுகிறான். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார், பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அம்மா, நான் பூங்கோதை வீட்டுக்காரர் பேசறேன். சொல்லுங்க சார். ஒண்ணுமில்லமா, அந்த மீட்டிங்ல மேப் தப்பா வந்துச்சுல்ல, அது, கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு ஆயிடுச்சும்மா. ஆயிடுச்சு. மழை பெய்தது, விளக்கு அணைந்தது, கோளாறு ஆயிடுச்சு. யாருமே இல்லாத வீட்டில் தானாக ஆன மாதிரி. யார் பண்ணா, என்கிறேன், மெதுவாகத்தான் சொல்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறான். பார்த்துவிட்டுப் போனைப் பார்க்கிறான். நான்தான்மா பண்ணேன். அவங்களுக்குச் சொல்லாம கம்ப்யூட்டர்ல கைய வெச்சேன், அதுல நம்பர் மாறிடுச்சு. மண்டபத்துலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான் சொல்லல. தையல் மெஷின் நின்றுவிட்டது. சார், அந்த மீட்டிங் எப்ப நடந்தது? மார்ச்ல. இப்ப ஜூனு. ஆமாம்மா. மூணு மாசமா எங்க தெருவுல என்ன பேச்சு தெரியுமா உங்களுக்கு, படிச்சவங்கள நம்பினோம், அசிங்கமா போச்சுன்னு. எங்க மாமனாரு படுத்த படுக்கையில கேக்கறாரு, என்னம்மா நம்ம வீடு மலை மேல இருக்காமேன்னு. ஸாரிம்மா, என்கிறான். குரல் உடைகிறது, எனக்கு இரக்கம் வரவில்லை, வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அப்ப உங்க வீட்டம்மா போட்ட கணக்கு சரிதானா சார், என்று கஸ்தூரி அக்கா கேட்கிறார். சரிதான்மா, நூத்துக்கு நூறு சரி, என்கிறான் கருணா, வேகமாக, எனக்கு ஏதோ திருப்பிக் கொடுக்கிற மாதிரி. நான் போனைப் பிடுங்கிவிட்டேன். அக்கா, நான்தான் பேசறேன். தெரியாதுக்கா. என்னம்மா இது, அவரு சரிங்கறாரு, நீ தெரியாதுங்கற. அவர் எனக்காகச் சொல்றார்கா. ஏழு எடம் அவர் பண்ணது. மீதியில என் தப்பு இருக்கான்னு மறுபடி முழுசா ஓட்டினாத்தான் தெரியும். நோட்டுல நாம எழுதினது பத்திரமா இருக்கு, முதல்லேருந்து ஏத்தறேன். இதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது, மூன்று மாதம் கழித்து ஒருத்தர் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வந்தது, அதை நானே என் கையால் தட்டிவிட்டேன். எவ்ளோ நாளாகும்? எட்டு நாள், ஒன்பது நாள். தண்ணி வருதுன்னு வந்தா வந்து சொல்லுவியா? வரலைன்னு வந்தாலும் வந்து சொல்றேன்கா. சரி, என்றார் அக்கா. அவர் குரலில் இருந்தது நம்பிக்கை இல்லை, கோபம்தான், ஆனால் அது இப்போது நேராக என்னிடம் பேசுகிற கோபம். நாளைக்கு தண்ணி லாரி வர்ற நேரத்துக்கு எல்லாரும் தெருவுலதான் நிப்பாங்க, உங்க வீட்டுக்காரர வரச்சொல்லு, இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. கருணா தலையை ஆட்டினான். அவருக்குத் தலையாட்டுவது கேட்காது என்றேன். வரேன்மா, என்றான்.

நிஜாம் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார், கையில் இரண்டு ரேம், ஈசிசி, வெள்ளித்தாள் உறையில். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர்போல ஸ்டூலை என் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்லுங்க மேடம். சொன்னேன். ஏற்றாமலே அதிக வேலை இழுக்கிற பிராசசர், பதினாறு கோர். ஈசிசி எடுத்துக்கொள்கிற போர்டு. தண்ணீர் கூலர் வேண்டாம், நல்ல விசிறி போதும். பவர் சப்ளை தேவைக்கு மேல் ஒரு படி. கோயில் தெருவைச் சுற்றி மட்டும் கட்டங்களைப் பொடியாக வெட்டி, தூரத்தில் பெரிதாக விட்டால் ஓட்டம் இன்னும் குறையும், அதை நான் என் வேலையில் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மெஷினை அடிக்க வேண்டியதில்லை. ஏத்தவே வேணாமா மேடம், நல்லா போகுமே இது, என்றார் அவர் ஒரே ஒரு தடவை. வேணாம் பாய். கம்பெனி என்ன சொல்லியிருக்கோ அது. கருணா சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் அவரே உட்கார்ந்து பழைய பெட்டிக்குள் புதுச் சாமான்களை மாட்டினார், நான் ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டு நின்றேன், கால் வலித்தது, உட்காரவில்லை. கருணா டீ வாங்கி வந்தான், பாய் குடித்தார், என்னுடையது ஆடை கட்டிப்போனது. ஸ்விட்ச் போட்டதும் விசிறி சுற்றியது, கடை மானிட்டரில் எழுத்துகள் வந்தன, ரேம் முழுதும் காட்டியது, வேகம் பெட்டியில் அச்சடித்த எண்ணேதான். பயாஸ்ல பாஸ்வேர்டு போடணுமா மேடம், என்று நிஜாம் பாய் கேட்டார். கேட்கும்போது அவர் கருணாவைப் பார்க்கவில்லை, கவனமாகப் பார்க்காமல் இருந்தார். போடணும், என்றேன். கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். கருணா என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான், அவன் மூச்சு எனக்குக் கேட்டது, அவனாகவே நகரட்டும் என்று விரலைக் கீபோர்டின் மேல் வைத்தபடி காத்திருந்தேன். அவன் ஜன்னல் பக்கம் போனான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே தெருவைப் பார்க்க ஆரம்பித்தான். எட்டு எழுத்து அடித்தேன். இன்னொரு முறை அடிக்கச் சொன்னது. அவன் இன்னும் திரும்பவில்லை. அதற்காக இவனை மன்னித்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடியும் அடித்தேன்.